பாசி அல்லாத பாசி

கேள்வி: அமெரிக்காவின் சவானா நகரப் படங்களில் ஓக் மரக் கிளைகளிலிருந்து சாம்பல் நிறத் தாடி போல ஏதோ தொங்குகிறதே, அது பாசியா? மரத்தை உறிஞ்சிக் கொன்றுவிடாதா?

பதில்: 'ஸ்பானிஷ் பாசி' என்று ஊர் சொல்கிறது. உண்மையில் அது பூத்து விதை விடும் செடி. அன்னாசி இருக்கும் புரோமீலியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் தில்லாண்ட்சியா அஸ்னியாய்டஸ். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதை ரெனியால்மியா என்ற பேரினத்தில் சேர்த்தார். 1762-இல் அவரே தில்லாண்ட்சியாவுக்கு மாற்றினார். வர்ஜீனியா கடற்கரை முதல் அர்ஜென்டினா வரை வளர்கிறது.

மரம் இதற்குத் தொங்க ஓர் இடம், அவ்வளவுதான். நாற்றாக இருக்கையில் கொஞ்சம் வேர் உண்டு; வளர்ந்ததும் அதுவும் போய்விடும். பிறகு எப்படிக் குடிக்கிறது? நூலாக மெலிந்த தண்டையும் இலைகளையும் மூடியிருக்கும் நுண்செதில்கள் மழைநீரையும் பனியையும், அவற்றில் கரைந்து வரும் தாது உப்புகளையும் உறிஞ்சிக்கொள்கின்றன. அந்தச் சாம்பல் நிறமே செதில்களுடையதுதான். நனைந்தால் பச்சை தெரியும். நீர் வீணாகாமலிருக்க இலைத்துளைகள் இரவில்தான் திறக்கும். மூன்று இதழ் கொண்ட சிறிய வெளிர்பச்சைப் பூ, அதற்கும் இரவில்தான் மணம்! பறவை கொத்திப் போட்ட ஒரு துண்டு போதும், வேறு கிளையில் பிழைத்துக்கொள்ளும்.

மட்டுமீறி அடர்ந்தால் வெயிலை மறைக்கும். மழையில் கனத்துக் கிளையை முறிப்பதும் உண்டு. ஆனால் நலிந்த மரத்தில் இலை குறைந்து வெளிச்சம் கூடுவதால் இது செழிக்கிறது. பழி மட்டும் செடியின் மேல்!