லாபிஸில் பணிக்குச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

லாபிஸ் அரசு கிளினிக்கில் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். இனிப்புநீர், இரத்த அழுத்தம் என்று நீளும் வரிசையில் ஒருநாள், இரண்டு மூன்று வாரத் தலைவலியோடு பெனடோல் விழுங்கியே களைத்துப்போன ஒருவர் வந்து உட்காருவார். கழுத்து விறைத்திருக்காது. காய்ச்சலும் இல்லாமல் இருக்கலாம். ஒற்றைத் தலைவலி என்று எழுதிவிடாதே, கேள். வாந்தி உண்டா? பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறதா? உடம்பு இளைத்ததா? வீட்டாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எச்.ஐ.வி. பற்றியும் கேள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

அந்தத் தலைவலிக்குக் காரணம் ஒரு பூஞ்சையாக இருக்கலாம். புறா எச்சம் கலந்த மண்ணில் வாழும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூச்சோடு நுரையீரலுக்குள் போய், எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் மூளையுறைக்குப் பரவுகிறது. இரத்தத்தில் அதன் ஆன்டிஜென்னைச் சோதித்துப் பார்க்கலாம். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்றால் நோய் இல்லை என்று ஆகாது. நல்ல உடம்புக்காரரையும் பிடிக்கும் இன்னொரு வகை உண்டு, எச்.ஐ.வி. இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதே.

எச்.ஐ.வி. உறுதியானால் அன்றே மாத்திரை தொடங்க உன் கை துறுதுறுக்கும். தலைவலி இருந்தால் பொறு. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், எச்.ஐ.வி.யோடு இந்தப் பூஞ்சை மூளையுறையைத் தாக்கிய நோயாளிகளில் ஓரிரு வாரத்திலேயே மாத்திரை தொடங்கியவர்களில் ஆறு மாதம் கழித்து 55 சதவீதம் பேரே உயிரோடு இருந்தார்கள். ஐந்து வாரம் காத்திருந்தவர்களில் 70 சதவீதம். முதலில் பூஞ்சையை அடக்க வேண்டும்.

அதற்கு சிகாமட் மருத்துவமனைக்கு அனுப்பு. அங்கே முதுகுத்தண்டு நீரை எடுக்க முதுகில் ஊசி போடுவார்கள். அப்படிப் போட்டால் கைகால் விளங்காமல் போகும் என்று தோட்டத்துக் குடும்பங்கள் பயப்படும்; கையெழுத்துப் போடாமல் நோயாளியைத் திருப்பி அழைத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை லாபிஸிலேயே நீ பேசித் தீர்த்துவிட வேண்டும். அந்த ஊசி சோதனைக்கு மட்டுமல்ல, சிகிச்சைக்கும்தான் என்று சொல். முதுகுத்தண்டு நீரின் அழுத்தம் 25 சென்டிமீட்டரைத் தாண்டினால், 20-க்குக் கீழே வரும்வரை நீரை எடுப்பார்கள். அழுத்தம் இறங்காவிட்டால் தினமும் எடுப்பார்கள். மருந்து பூஞ்சையைக் கொல்வதற்குள், அழுத்தமே கண்ணையும் உயிரையும் பறித்துவிடும்.

மருந்து ஆம்போடெரிசின், சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும், பொட்டாசியத்தை இறக்கும். லைபோசோம் வகையை ஒரே பெரிய அளவாகக் கொடுத்து, ஃப்ளூசைட்டோசின், ஃப்ளுகோனசோல் மாத்திரைகளை இரண்டு வாரம் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது.

வீடு திரும்பிய பிறகு அவர் உன் நோயாளி. ஃப்ளுகோனசோல் ஓராண்டுக்குக் குறையாமல் போக வேண்டும். தலைவலி போனதுமே பலர் நிறுத்திவிடுவார்கள். மருந்து வாங்க வரவேண்டிய நாளில் வரவில்லையா, அன்றே போன் போட்டுக் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்