அருகில் தொடங்கு, தூரம் போ

போன வருடம் வரை நான் ஒரு கோபக்கார வாத்தியார்.

ஈப்போ, புந்தோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இலவச வகுப்பு நடத்துகிறோம். நான்காம் ஆண்டு தம்பி ஒருவனுக்குப் பின்னம் வரவே இல்லை. பயிற்சித்தாள்களை அடுக்கினேன், அதட்டினேன். இரண்டு வாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன்.

வாசலில் பாட்டியோடு உட்கார்ந்து கச்சாங் பூத்தே பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தான். ஒருவர் வந்து முக்கால் கிலோ கேட்டார். "கிலோ பதினாறு வெள்ளி. முக்காலுக்குப் பன்னெண்டு வெள்ளி அங்கிள்" என்று நிறுத்துக் கொடுத்தான்.

"டேய், இதுதானடா பின்னம்!" என்றேன்.

"இல்லண்ணா, இது வியாபாரம்" என்றான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்ரீ அரவிந்தர் 1910-இல் 'கர்மயோகின்' இதழில் கல்வியைப் பற்றி எழுதியவை ஞாபகம் வந்தன. அவர் வெறும் ஏட்டுச் சிந்தனையாளர் அல்லர். பரோடா கல்லூரியில் பாடம் நடத்தியவர், 1906-இல் கல்கத்தாவில் தொடங்கிய வங்காள தேசியக் கல்லூரியின் முதல் முதல்வர். கல்விக்கு அவர் மூன்று அடிப்படைகளைச் சொன்னார்.

முதலாவது, அறிவை வெளியிலிருந்து திணிக்க முடியாது. ஆசிரியர் வழிகாட்டும் துணைவர் மட்டுமே. இரண்டாவது, பிள்ளையின் மனம் எந்தப் பக்கம் வளர விரும்புகிறது என்று அந்த மனத்தையே கேட்க வேண்டும். மூன்றாவது, அருகில் இருப்பதில் தொடங்கித் தூரத்தில் இருப்பதற்குப் போக வேண்டும்.

பின்னாளில் அன்னை, உடல், உயிராற்றல், மனம், உள்ளான்மா, ஆன்மிகம் என ஐந்தும் சேர்ந்து வளர்வதே முழுமையான கல்வி என்றார். 1943-இல் புதுச்சேரி ஆசிரமத்தில் அவர் தொடங்கிய பள்ளி, இன்று பட்டமோ சான்றிதழோ தராத கல்வி மையமாக இயங்குகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். அறிவு, ஆன்மிகம், உள்ளம், உடல் நான்கும் சமநிலையில் வளர வேண்டும் என்கிறது 1988-இல் வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு தொடங்கியதும் அதே 1988-இல்தான்! நான்கில் ஒன்றை மட்டும் அளந்த தேர்வு, மற்ற மூன்றையும் மறக்கடித்துவிட்டது. 2011-இல் புதிய கலைத்திட்டம் வந்தது, 2021-இல் யு.பி.எஸ்.ஆர். நிறுத்தப்பட்டது, வகுப்பறைசார் மதிப்பீடு முன்னுக்கு வந்தது. ஆனால் நாம் மாறினோமா? தேர்வு போன பிறகும் நான் பயிற்சித்தாளைத்தானே அடுக்கினேன்!

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அது பேருக்கு நடந்தது. எழுத்தும் கூட்டலும் தெரிந்தால் போதும், பிறகு பால்வாளியைத் தூக்கு என்பதே அன்றைய நிலை. அங்கே 'அருகில்' என்பது ஒரு வேலியாக இருந்தது. அரவிந்தர் சொன்னது வேலியை அல்ல, வாசலை. தம்பி தராசிலேயே நின்றுவிட்டால் அதுவும் அநியாயம்தான்.

அதனால் அடுத்த ஞாயிறு தராசையே வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். அவன் நிறுத்தான், மற்றவர்கள் விலை சொன்னார்கள். அதன் பிறகே வெண்பலகையில் 3/4 என்று எழுதினேன். "இதுதானாண்ணா அது?" என்றான். அன்று அவனே நண்பர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். இன்னமும் வகுத்தலில் தடுமாறுகிறான். ஆனால் ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை.

இளைஞர்களே, அமைச்சு கலைத்திட்டத்தை மாற்றலாம். பிள்ளைக்கு முன்னால் உட்காரும் நம் மனத்தை நாம்தான் மாற்ற வேண்டும்.

வட்டாரக் கூட்டத்தில் கலந்துபேச:

1. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டில் என்ன தொழில் நடக்கிறது? அதிலிருந்து எந்தப் பாடத்தைத் தொடங்கலாம்?

2. அறிவு, ஆன்மிகம், உள்ளம், உடல் நான்கில், உங்கள் வகுப்பு எதை மறந்துவிட்டது?

3. வகுப்புக்கு வராமல் நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு இந்த வாரம் யார் போகப்போகிறீர்கள்?