வண்டி ஒலிபெருக்கிக்கு அறிவிப்பு தயாரிப்பது எப்படி?

தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம், அறிவிப்புகளுக்கு வாகன ஒலிபெருக்கி போதும் என்று 2022 ஆகஸ்ட்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல முடிவு. ஆனால் பறை அடிப்பவர் நின்று, கேட்டால் இன்னொரு முறை சொல்லுவார். வண்டி நிற்காது. பதிவு தெளிவாக இல்லாவிட்டால் "என்னமோ சொல்லிட்டுப் போறான்" என்பதோடு முடிந்துவிடும்.

கச்சிராயபாளையம் பக்கம் இது சாதாரண விஷயமில்லை. கல்வராயன் மலையில் மழை பெய்தால் கோமுகி அணைக்கு நீர்வரத்து கூடும். அணையைத் திறக்கும்போது ஆற்றங்கரையில் மாடு மேய்ப்பவருக்கும் துணி துவைப்பவருக்கும் செய்தி புரிந்தாக வேண்டும்.

முதலில் கணக்குப் போடுங்கள். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 100 மீட்டரைக் கடக்க 36 விநாடி ஆகும். ஒரு வீட்டுக்காரருக்குத் தெளிவாகக் கேட்பது ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். "பொதுமக்களின் மேலான கவனத்திற்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று ஆரம்பித்தால் விஷயம் வருவதற்குள் வண்டி அடுத்த தெருவில் இருக்கும். "கோமுகி அணையில தண்ணி திறக்கிறாங்க. ஆத்துல யாரும் இறங்காதீங்க. ஆடு மாட்டைக் கரையில இருந்து ஓட்டிட்டு வந்துடுங்க." இதை 15 விநாடிக்குள் சொல்லிவிடலாம், கடந்து போவதற்குள் இரண்டு முறை கேட்கும். உள்ளூர்க்காரர் ஒருவரையே பேசச் சொல்லுங்கள். மலைக் கிராமங்களுக்கு என்றால் மலையாளிப் பழங்குடியினர் ஒருவரின் குரல் இன்னும் நல்லது.

பதிவுக்கும் திருத்தத்துக்கும் ஆடாசிட்டி போதும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-ல் தொடங்கி 2000-ல் வெளியான கட்டற்ற மென்பொருள் இது. காசு கிடையாது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். செல்போனில் பதிந்து கணினிக்கு மாற்றினாலும் சரி. ஆனால் போன் தரும் எம்4ஏ கோப்பைத் திறக்க விண்டோஸில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச இணைப்பையும் நிறுவ வேண்டியிருக்கும்.

ஃபேனை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை விழும் நேரத்தில் பதியாதீர்கள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மைக்கைச் சற்று ஓரமாக வைத்துப் பேசுங்கள். ஒலி அளவு காட்டும் பட்டை மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையே ஆடட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கரகரக்கும். அதைப் பிறகு சரிசெய்வது கஷ்டம். பேசுவதற்கு முன் ஐந்து விநாடி சும்மா இருங்கள்.

அந்த ஐந்து விநாடிதான் இரைச்சலை நீக்க உதவும். அதை மட்டும் தேர்வு செய்து, எஃபெக்ட் மெனுவில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' திறந்து 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' அழுத்துங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்வு செய்து மறுபடி அதே இடத்தில் ஓகே கொடுங்கள். அளவோடு செய்யுங்கள், அதிகமானால் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆகிவிடும்.

தடுமாறிய இடங்களைத் தேர்வு செய்து டெலிட் அழுத்தினால் போய்விடும். ஆனால் வாக்கியங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை வெட்டிவிடாதீர்கள். மலைச் சாலையில் எதிரொலி அடங்க அரை விநாடியாவது வேண்டும்.

வண்டிக் குழாய் ஒலிபெருக்கியில் அடித்தொனி சரியாக வராது. அதனால் 'ஹை-பாஸ் ஃபில்டர்' மூலம் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்து, பிறகு 'நார்மலைஸ்' கொடுத்து ஒலியைக் கூட்டுங்கள். ஹெட்போனில் குரல் மெலிந்து கேட்கும்; வண்டியில் சரியாக இருக்கும். மோனோவாக, எம்பி3 கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

தேதி, நேரம் சொல்லும் வாக்கியத்தை எப்போதும் தனியாகப் பதியுங்கள். அடுத்த முறை அதை மட்டும் மாற்றினால் போதும். வண்டி கிளம்பும் முன் ஒருவரை 50 மீட்டர் தள்ளி நிற்க வைத்து, என்ன கேட்டது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும். பென் டிரைவில் கிடக்கும் பழைய அறிவிப்பை அன்றைக்கே அழித்துவிடுங்கள். திறக்காத அணைக்கு ஊரை ஓட விடக்கூடாது.