ஜிம்முக்குப் பணம் கட்டும் முன் அக்கா சொல்வதைக் கேள்

ஜனவரியில் பணம் கட்டி, பொங்கலுக்கு ஊருக்குப் போய், திரும்பி வந்தபின் ஜிம் இருக்கும் தெருவுக்கே போகாதவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "எனக்கு மன உறுதி இல்லக்கா." இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடியும் முன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பி, பஸ் பிடித்து ஆபீஸ் போய் வருகிறவளுக்கா மன உறுதி இல்லை? உனக்குச் சரியான இடம் அமையவில்லை தங்கச்சி, அவ்வளவுதான்.

இதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. திருமங்கலம் ஏசியாட் காலனியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் சர்க்கரை நோய் ஆய்வு நடத்தினார்கள். அப்போது வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம்தான். ஆய்வோடு சேர்த்து நோயைப் பற்றியும் எடுத்துச் சொன்னார்கள். விழித்துக்கொண்ட காலனிக்காரர்கள் தாங்களே பணம் போட்டு, நடப்பதற்கென்று ஒரு பூங்கா அமைத்தார்கள். சில வருடம் கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது 58.7 சதவீதம்! விஷயம் புரிந்தது ஒரு காரணம், நடக்க இடம் பக்கத்திலேயே இருந்தது இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்தால்தான் கால் வாசலைத் தாண்டும்.

இந்தியாவில் பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு உடம்புக்குப் போதுமான அசைவு இல்லை. பெண்களில் 57 சதவீதம். 2022-ஆம் ஆண்டு நிலவரமாக உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது. அதனால் உன்னை நீயே திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டு, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பார்.

1. முதலில் தூரத்தைப் பார். மெஷின், ஏசி, கண்ணாடிச் சுவர் எல்லாம் அப்புறம். வீட்டிலிருந்து ஆபீஸ் போகும் வழியிலோ, பிள்ளையின் டியூஷனுக்குப் பக்கத்திலோ இருக்கிற சாதாரண ஜிம் போதும். எதிர்த் திசையில் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டிய பெரிய ஜிம், முதல் மழையோடு முடிந்துவிடும்.

2. நீ போகப் போகிற நேரத்திலேயே போய்ப் பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலியாக இருக்கிறதைக் காட்டி அட்மிஷன் போட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் போனால் ட்ரெட்மில்லுக்கு வரிசை நிற்கும். முகூர்த்தப் புடவையை மடிப்பைப் பிரிக்காமல் வாங்குவாயா? அதே கவனத்தை இங்கேயும் காட்டு. போகும்போது இதையெல்லாம் பார்த்துவிட்டு வா:

• கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா? உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? வெட்கப்படாமல் போட்டுப் பார்.
• மாடிப்படியிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் விளக்கு எரிகிறதா? இருட்டில் தனியாக இறங்க வேண்டியிருந்தால் நீ ஒரு மாதத்துக்கு மேல் போக மாட்டாய். வீட்டில் இருப்பவர்களும் விட மாட்டார்கள்.
• 'லேடீஸ் பேட்ச்' எத்தனை மணிக்கு? பகல் பதினொரு மணிக்கு வைத்திருந்தால் வேலைக்குப் போகிற உனக்கு என்ன பயன்?
• பெண் பயிற்சியாளர் நிஜமாகவே வருகிறாரா, போர்டில் மட்டும் இருக்கிறாரா? அங்கே பயிற்சி செய்துகொண்டிருக்கும் பெண்களிடம் கேள். ரிசப்ஷனில் கேட்காதே.

இதில் ஒன்று சரியில்லை என்றாலும் வேறு இடம் பார். 'போகப் போகப் பழகிடும்' என்று சொல்வார்கள். பழகாது. தினமும் ஒரு சின்னச் சங்கடம் இருந்தால் போதும், ஒருநாள் தலைவலி என்று நின்றுவிடுவோம், மறுநாளும் அப்படியே.

3. வருடச் சந்தாவில் விழாதே. 'பன்னிரண்டு மாதம் கட்டினால் மூன்று மாதம் இலவசம்' என்றதும் கை பர்ஸுக்குப் போகும். பொறு. அமெரிக்காவில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவை எடுத்து ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். 70 டாலருக்கு மேல் மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலரோடு முடிந்திருக்கும். நிறையப் பணம் கட்டினால் அந்தப் பயத்திலாவது போவோம் என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். அதனால் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டு. நாள் கணக்கில் வாங்குகிற இடமானால் இன்னும் நல்லது. ஊருக்குப் போனாலோ உடம்பு சரியில்லாவிட்டாலோ நாட்களைத் தள்ளித் தருவார்களா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கு. வாய் வார்த்தை, மேனேஜர் மாறினால் போச்சு. கவுன்டரில் நீட்டுகிற புரோட்டீன் பவுடர் டப்பாவையும் அங்கேயே நின்று வாங்காதே. சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

4. முதல் ஆறு வாரம் வாரத்துக்கு நான்கு நாள் போ. புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பழக்கம் ஒட்டிக்கொள்ள இதுதான் குறைந்தபட்சம் என்கிறது. செய்கிற பயிற்சி எளிதாக இருக்க வேண்டும், இடமும் பிடித்திருக்க வேண்டும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே வந்த முதல் நாளே யூடியூபில் பார்த்த பதினைந்து வகைப் பயிற்சியையும் செய்யாதே. நான்கைந்து போதும். உடம்பு முறிய முறியச் செய்தால் மறுநாள் படி இறங்க முடியாது. அடுத்த நாள் வரவும் மாட்டாய்.

5. லீவு முடிந்த மறுநாள்தான் ஆபத்து. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், விறுவிறுப்பான கதைகளை ஒலி வடிவில் கொடுத்து, அவற்றை ஜிம்மில் மட்டும் கேட்க முடியும் என்று வைத்தார்கள். ஆரம்பத்தில் வருகை 51 சதவீதம் கூடியது. நவம்பர் மாதப் பண்டிகை விடுமுறை வந்தது. அதன்பின் அந்த வேகம் போய்விட்டது. நமக்குத் தீபாவளி, பொங்கல், பிள்ளைகளின் பரீட்சை, கோடை விடுமுறை என்று வரிசையாக வரும். ஊருக்குக் கிளம்பும் முன்பே திரும்பி வந்து போக வேண்டிய தேதியைக் காலண்டரில் குறி. கூட வருகிற தோழியிடமும் அன்றைக்கு வருவதாகச் சொல்லி வை.

6. ஜிம் வேண்டாம், பூங்கா போதும் என்பவர்களுக்கு: தாராளமாகப் போ, காசு மிச்சம். ஆனால் பல பூங்காக்களை நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள். நேரத்தைக் கேட்டுக்கொள்ளாமல் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பாதே. அங்கே நிறுத்தியிருக்கும் திறந்தவெளி ஜிம் கருவிகளை உட்காரும் முன் ஆட்டிப் பார். போல்ட் கழன்றும் துருப்பிடித்தும் இருப்பவை உண்டு. பெரும்பாலானவற்றில் எடையைக் கூட்டிக்கொள்ள முடியாது, அதனால் அவை பெரும்பாலும் மூட்டுகளை அசைத்துக் கொடுக்கத்தான் உதவும். தசைக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று அதை வீட்டிலேயே செய்துகொள். ஆம்பிளை மாதிரி உடம்பு முறுக்கேறிவிடும் என்று பயப்படாதே, பெண்களின் ஹார்மோன் அதற்கு விடாது.

கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதையில் சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்துவது தெரியாது. அந்தச் சின்னப் புண் பெரிய வைத்தியத்தில் கொண்டுபோய் விடும். நல்ல ஷூ போட்டுக்கொண்டு சமதளத்தில் நட. இன்சுலின் போடுகிறவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

7. ட்ரெட்மில்லை உடனே விலைக்கு வாங்காதே. மூன்று மாதம் வாடகைக்கு எடு. அப்போதும் தினமும் ஏறினால் வாங்கு.

8. அபார்ட்மென்டில் ஜிம் இருந்தும் பூட்டிக் கிடக்கிறதா? அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து சாவி யாரிடம் என்று கேள். பராமரிப்புக் கட்டணத்தில் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறாய். பராமரிப்பு என்ற பெயரில் ஆறு மாதம் பூட்டி வைத்தால் யாருக்கும் பழக்கம் வராது. லிஃப்டுக்குப் பக்கத்தில் 'படியில் ஏறலாமே' என்று ஒரு அறிவிப்பு ஒட்டச் சொல். அந்தச் சின்னப் பலகையைப் பார்த்தே படி ஏறுகிறவர்கள் கூடுவது பல ஊர் ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

9. 'ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால்தான்' என்று காத்திருக்காதே. கிடைக்கவே கிடைக்காது. வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவு நடந்தால் பெரியவர்களுக்குப் போதும். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டது. பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடக்கிற ஏழு நிமிடமும் சேரும்.

நெஞ்சுவலி, மயக்கம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் ஆரம்பிக்க வேண்டும். இதில் எந்தச் சமாதானமும் சொல்லாதே.

இன்னொன்று. இடம் நன்றாக இல்லை என்று ஒதுங்கிப் போவதோடு நிறுத்தாதே. 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. அது உன் வீட்டிலிருந்து தூரமாக இருக்கலாம், தெருமுனைப் பூங்கா கிட்டத்தில் இருக்கும். அங்கே விளக்கு எரியவில்லை, கழிப்பறை பூட்டியிருக்கிறது என்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டியது நாம்தான். சென்னைக்காரர்கள் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். மற்ற ஊர்க்காரர்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகாமல் தெருவில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். இந்த வாரமே போங்கள்.