‘முதியோர் கல்வி’ என்னும் தொடரும் முதியோரும்: திருவண்ணாமலை மாவட்டச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

‘முதியோர் கல்வி’ என்னும் தொடர் தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எனினும் அத்தொடரால் குறிக்கப்பெற்ற அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் முதியோரை இலக்காகக் கொள்ளவில்லை. இம்முரணிலிருந்து தொடங்கும் இக்கட்டுரை, அறுபது வயதைக் கடந்தோர்க்கான கல்வியை எழுத்தறிவுத் தேர்வின் அடிப்படையில் அமைப்பதைவிடத் தமிழ் மரபு ‘கேள்வி’ எனப் பெயரிட்டு மதித்த செவிவழிக் கற்றலின் அடிப்படையில் அமைப்பதே நிலைக்கும் என வாதிடுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் பாரதப் பிரசங்க மரபும் ‘பெரிய எழுத்து’ நூல்களின் உரத்த வாசிப்பும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முதியோர் கல்வி, கேள்வி, அறிவொளி இயக்கம், பாரதப் பிரசங்கம், உரத்த வாசிப்பு, வேங்கிக்கால்.

முன்னுரை

‘முதியோர்’ என்னும் சொல்லை முன்னடையாகக் கொண்டு இக்காலத் தமிழில் பரவலாக வழங்கும் தொடர்கள் மூன்று: முதியோர் இல்லம், முதியோர் உதவித்தொகை, முதியோர் கல்வி. முதலிரண்டிலும் அச்சொல் அறுபது வயதையொட்டியோ அதனைக் கடந்தோ உள்ளவரைக் குறிக்கிறது. மூன்றாவதில் மட்டும் பதினைந்து வயதினர்கூட முதியோராகிவிடுகின்றனர். பள்ளிப் பருவம் கடந்தோர்க்கான கல்வி என்னும் கருத்தாக்கம் தமிழுக்கு வந்தபோது ‘வயதுவந்தோர் கல்வி’, ‘முதியோர் கல்வி’ என்னும் இரு பெயர்ப்புகளைப் பெற்றது. அரசு இயக்ககத்தின் பெயரில் இன்று ‘வயதுவந்தோர்’ என்பதே உள்ளது. மக்கள் வழக்கிலோ ‘முதியோர் கல்வி’யே நிலைபெற்றது. இதனை மொழிபெயர்ப்புத் தளர்ச்சி என்று கடந்துவிடலாம். ஆனால், பெயரில் இடம்பெற்றவர் பயனில் இடம்பெறாமற் போன வரலாறு இத்தொடருக்குள் உள்ளமையால் அவ்வாறு கடத்தல் தகாது.

வயது வரம்பும் விடுபட்ட தலைமுறையும்

1978 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயது வரையிலான பத்துக் கோடிப் பேரை ஐந்தாண்டுகளில் எழுத்தறிவு பெறச் செய்ய எண்ணியது. 1988இல் அமைந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் அதே வயது வரம்பையே கொண்டது. உழைக்கும் வயதினர் எழுத்தறிவு பெற்றால் நாட்டின் ஆக்கம் பெருகும் என்பது அதன் காரணம். பொருளாதார நோக்கில் அது பிழையன்று. ஆனால் அதன் விளைவை ஒரு வாழ்க்கைக் கணக்காக எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1940இல் பிறந்த ஒரு பெண் 1978இல் 38 வயதினர். முதல் திட்டத்திலேயே வரம்புக்கு வெளியே நின்றவர். 1952இல் பிறந்தவர் முதல் திட்டத்தின்போது 26 வயதினர். அது குறுகிய காலத்தில் வேகம் இழந்தது. அறிவொளி இயக்கம் தமிழக மாவட்டங்களில் பரவிய 1990களின் தொடக்கத்தில் அவர் வரம்பைக் கடந்துவிட்டார். இன்று எழுபதையும் எண்பதையும் கடந்து நிற்கும் எழுத்தறியாப் பெண்களில் பலர் இவ்வாறு திட்டங்களுக்கு இடையே விடுபட்டவர்களே.

அறிவொளி இயக்கம் நடைமுறையில் இவ்வரம்பைப் பல இடங்களில் நெகிழ்த்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பங்கேற்ற அவ்வியக்கத்தில், கலைப்பயணத்தின் பாட்டும் நாடகமும் வயது பார்த்துக் கூட்டம் சேர்க்கவில்லை. புதுக்கோட்டையில் பெண்கள் மிதிவண்டி பழகியது அவ்வியக்கத்தின் புகழ்பெற்ற பகுதி. எனினும் வகுப்புகள் ஓய்ந்தபின் தொடர்ந்து படிக்க ஏற்ற நூல்களும் கூடும் இடமும் குறைந்தன. ‘வளர்கல்வி மையங்கள்’ அக்குறையை ஓரளவே ஈடுசெய்தன.

வயது வரம்பின் மேலெல்லை நீங்கியது 2009இல் தொடங்கிய ‘கற்கும் பாரதம்’ திட்டத்தில்தான். 15 வயதைக் கடந்த எவரும், குறிப்பாகப் பெண்கள், கற்கலாம் என அது வகுத்தது. பெண் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களுள் ஒன்று என்னும் நிலையில் திருவண்ணாமலையும் அதில் இடம்பெற்றது. ஊராட்சிதோறும் ஒரு மையம், மையத்திற்கு இரண்டு ஊக்குநர்கள் என்பது அதன் அமைப்பு. 2018 மார்ச்சு மாதத்தோடு அத்திட்டம் முடிவுற்றது. ஊக்குநரின் சிறு மதிப்பூதியம் நின்றபோது மையமும் நின்றது. இளைஞர் ஒருவர் மூன்றாண்டுத் திட்டத்தில் கற்று வெளியேறிவிடலாம். முதுமையில் கற்பவர்க்கோ கற்றல் என்பது வெளியேறுவதற்கான வாயில் அன்று, வந்து அமர்வதற்கான திண்ணை. நிதியாண்டு முடிவில் திண்ணையை எடுத்துச் சென்றுவிட்டால் அங்கு எதுவும் எஞ்சாது.

வேங்கிக்காலில் கையொப்பமும் கைரேகையும்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்துள்ளது. திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திற்கு வருவோரில் முதியோர் கணிசமானவர். உதவித்தொகை, பட்டா, மகன் எழுதி வாங்கிக்கொண்ட நிலம் எனக் குறைகள் பலவகை. அவர்கள் வாய்மொழியாகச் சொல்ல, மனு எழுதுபவர் அதனை அலுவலக நடைக்கு மாற்றுகிறார். ‘எம் புள்ள சோறு போட மாட்டேங்கறான்’ என்பது ‘எனது மகன் என்னைப் பராமரிக்க மறுத்து வருகிறார்’ என்றாகிறது. இறுதியில் கையொப்பம் அல்லது இடதுகைப் பெருவிரல் ரேகை.

புதுக்கோட்டையில் களப்பணி செய்து பிரான்சிசு கோடி எழுதிய ‘தி லைட் ஆஃப் நாலெட்ஜ்’ (2013) என்னும் நூல் இக்கையொப்பத்தையும் மனுவையுமே மையமாகக் கொண்டு அறிவொளி இயக்கத்தை ஆராய்கிறது. கைநாட்டு வைத்தவர் தம் பெயரைத் தாமே எழுதுவது குடிமகளாக அரசின் முன் நிற்பதற்கான அடையாளமாக அங்குக் கருதப்பட்டது. அவ்வடையாளத்தின் பெறுமதி உண்மையானது. ஆனால் வரலாறு ஒரு வேடிக்கையைச் செய்தது. நியாயவிலைக் கடையில் இன்று பொருள் பெற விரலைக் கருவியில் வைத்தல் வேண்டும். நாற்று நட்டும் களையெடுத்தும் தேய்ந்த விரல்களின் ரேகையை அக்கருவி பலமுறை ஏற்பதில்லை. கைநாட்டிலிருந்து கையொப்பத்திற்கு முன்னேறியவரை, கையொப்பம் செல்லாத, ரேகையும் பதியாத இடத்தில் காலம் கொண்டுவந்து நிறுத்தியுள்ளது. ஆகவே முதியோர் கற்றலின் பயனைக் கையொப்பத்தால் மட்டும் அளத்தல் இன்று பொருந்தாது.

நடப்பில் உள்ள புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் (2022–27) படித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக 150 மதிப்பெண்களுக்குத் தேர்வு நடத்துகிறது. தேர்வு தன்னளவில் தீதன்று. கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 2018இல் தம் 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 பெற்றபோது நாடே வியந்தது. அவர் பெற்ற ஊக்கத்தின் பின்னே, நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று அடுத்தடுத்த சமநிலைப் படிகளை வைத்திருந்த மாநில எழுத்தறிவு இயக்கம் இருந்தது. தேர்வுக்கு அடுத்த நாள் எங்கே செல்வது என்னும் வினாவிற்கு அங்கு விடை இருந்தது.

கேள்வி என்னும் கல்வி

திருக்குறள் கல்வி, கல்லாமை, கேள்வி என அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருத்தல் நோக்கத்தக்கது. இறக்குமளவும் ஒருவன் கல்லாது கழிப்பது ஏன் எனக் கல்வி அதிகாரம் வினவுகிறது (397). கல்லாமையைக் கடிந்த பின்னரோ, கல்லாதவனுக்கும் ஒரு வழி உண்டு எனக் கேள்வி அதிகாரம் திறக்கிறது. தளர்ச்சி வந்த காலத்தில் கேள்வியே ஊன்றுகோல் போலத் துணையாகும் என்கிறது (414). அடுத்த குறளும் வழுக்கு நிலத்து ஊன்றுகோலையே உவமையாக்குகிறது. இரு குறள்களிலும் தொடர்ந்து கோல் வருவது முதுமையை நினைவூட்டாமல் இராது. உரைகள் தளர்ச்சியை வறுமையாகவும் மனத்தளர்வாகவும் கொள்வதுண்டு. மூப்பின் தளர்ச்சியையும் அதனுள் அடக்குதல் உவமைக்கு ஏற்புடையது என்பது இக்கட்டுரையின் கருத்து. கேள்வியைக் கல்வியின் தாழ்ந்த படியாக வள்ளுவர் வைக்கவில்லை. செல்வங்களுள் தலையாயதாகவே வைக்கிறார்.

இக்கேள்வி மரபின் உயிருள்ள வடிவம் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்கின்றன. பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைப் பாடி, பிரித்து, பொருள் கூறி, ஊர்ச் செய்திகளோடு இணைத்து விரிக்கிறார். அவ்வவ்நாள் கதைப்பகுதியைக் கூத்தர் இரவில் ஆடுகின்றனர். அருச்சுனன் தபசும் துரியோதனன் படுகளமும் சடங்காகவும் நிகழ்த்தப்பெறுகின்றன. ஒரே பனுவல் செவிக்கும் கண்ணுக்கும் உடலுக்கும் மூன்றுமுறை வந்து சேர்கிறது. செய்யாற்றுப் பகுதியின் புரிசை, இக்கூத்து மரபுக்குப் பெயர்பெற்ற ஊர். பகற்பொழுதில் பந்தலில் அமர்ந்து பிரசங்கம் கேட்போரைக் கண்டவர்க்கு அங்கு முதியோரே மிகுதி என்பது தெரியும். வில்லிபாரதச் சந்தத்தை ஒரு முதுகலை மாணவர் அகராதியோடு போராடிப் படிக்க, எழுத்தறியாத மூதாட்டி அடுத்து வரும் கதைத் திருப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஆண்டுதோறும் மீண்டும் கேட்டதன் பயன் அது.

இதனைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நோக்கமன்று. அப்பந்தலில் யார் எங்கே அமரலாம் என்பதைச் சாதி வகுத்த காலம் உண்டு. மேடையேறியோர் ஆண்களாகவும் கேட்போர் பெண்களாகவும் இருந்ததே பெருவழக்கு. பிரசங்கம் கேட்டவர்க்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பத் தெரிந்துவிடாது என்பதும் வெளிப்படை. இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உள்ளடக்கத்தை அன்று, முறையை: குறித்த காலம், தொடர்ச்சியான பனுவல், திரும்பக் கேட்டல், கேட்போர் இடைமறித்துப் பேசும் உரிமை.

அச்சு வந்தபின்னும் இம்முறை அறுபடவில்லை. ‘பெரிய எழுத்து’ என்னும் அடைமொழியோடு வெளிவந்த நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை முதலியவை ஒருவர் படிக்கப் பலர் கேட்பதற்குரியவை. அக்கால வாசிப்பு பெரிதும் உரத்த வாசிப்பாகவே இருந்ததை ஆ.இரா. வேங்கடாசலபதியின் நூல் வரலாற்று ஆய்வுகள் விளக்கியுள்ளன. செஞ்சிக்கு அண்மையில் உள்ள இம்மாவட்டத்தில் தேசிங்குராஜன் கதை பிறர் ஊர்க் கதையாகக் கேட்கப்பட்டிருக்காது. பெரிய எழுத்து என்பது மங்கிய கண்ணுக்கும் புதிதாகப் படிப்பவர்க்கும் ஒருங்கே பொருந்தியது. இன்று எழுத்தறிவுத் திட்டத்திற்கென நூல் அச்சிடுவோர் ஆய்ந்து காணும் ‘புதிய’ வடிவமைப்பைப் பழைய பதிப்பாளர் சந்தைத் தேவையால் முன்னரே கண்டிருந்தனர்.

தமிழ்த்துறைகளின் கடன்

1973இல் பிரான்சின் துலூசில் பியேர் வெல்லா தொடங்கிய ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’, பல்கலைக்கழகம் முதியோர்க்குப் பாடம் நடத்தும் அமைப்பு. 1980களின் தொடக்கத்தில் கேம்பிரிட்சில் பீட்டர் லாசுலெட்டு முதலியோர் அதனை மாற்றி, கற்பவரே கற்பிப்பவராகவும் இருக்கும் தன்னுதவி வட்டங்களாக்கினர். ஊதியம் பெறும் ஆசிரியர் இல்லாமையால் அவை பெருக எளிதாயிற்று. ஆனால் அவ்வமைப்பு ஓய்வூதியமும் வாசிப்புப் பழக்கமும் உடையோரை முன்னிட்டது. திருவண்ணாமலையின் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு அது பொருந்தும். முற்றோதல் குழுக்கள் போன்றவற்றில் அவர்கள் ஏற்கெனவே கூடுகின்றனர். கூலி வேலையில் முதுமை எய்தியவர்க்கு அதனை அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது.

இவ்விடத்தில் தமிழ்த்துறைகள் தம்மையே நோக்க வேண்டியுள்ளது. தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, நடவுப்பாட்டு என நாட்டுப்புறவியல் களப்பணிக்குச் செல்லும் நாம் முதலில் தேடுவது மூதாட்டிகளையே. அவர்கள் ‘தகவலாளி’ என ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வயதும் தொழிலுமாகப் பதிவாகின்றனர். பாட்டு நம்மிடம் வருகிறது, பட்டமும் வருகிறது. அவர்கள் பாடியது அச்சில் எவ்வாறு நிற்கிறது என்பதை அவர்கள் கேட்டதில்லை. தொகுத்த பாட்டைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதே தெருவில் அமர்ந்து, பாடியவர் முன்னிலையில் உரக்கப் படித்து, ‘இந்த அடி சரிதானா, ஆயா?’ எனக் கேட்டுத் திருத்தினால் அதுவே முதல் வகுப்பு. தம் சொல் எழுத்தாகும் விதத்தைக் காணும் ஒருவர்க்கு எழுத்தின்மீது தோன்றும் ஆர்வம் ‘அம்மா, ஆடு’ எனத் தொடங்கும் அரிச்சுவடியால் தோன்றாது. கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்னும் எல்லையும் அங்கே தானாகவே நெகிழும். ஆய்வுக்கும் இதில் ஆதாயம் உண்டு: திருத்தக் கேட்கும்போது வெளிப்படும் பாடவேறுபாடுகள் ஒருமுறை ஒலிப்பதிவில் கிடைப்பவை அல்ல.

இத்தகைய வட்டத்தை வேங்கிக்கால் பகுதியில் தொடங்குவோர் நாட்காட்டியைக் கருத்தோடு பார்த்தல் வேண்டும். திங்கட்கிழமை ஆகாது, மனு நாள். பௌர்ணமியும் அதனை ஒட்டிய நாளும் ஆகா. கிரிவலப் பாதையில் பூவோ பழமோ விற்று அன்றைய வருவாயை ஈட்டுவோரும் முதியோரே. நூறு நாள் வேலையுள்ள காலத்தில் முற்பகல் பொருந்தாது. பிற்பகல் மூன்று மணிக்குமேல், பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் கிடைக்கும் ஒரு மணி நேரமே அவர்களுடையது. வாசிப்பவராகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அத்தெருப் பெண்ணே போதும். அவருடைய மதிப்பூதியத்தை ஆண்டுத் திட்டத்தில் வைக்காமல் ஊராட்சி அல்லது மாநகராட்சியின் நிலையான செலவினத்தில் வைத்தல் இன்றியமையாதது. வட்டம் பதினைந்து பேரைக் கடந்தால் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். முதுமையில் முதலில் தளர்வது செவியாகவும் இருக்கலாம். பின்வரிசையில் அமர்ந்தவர்க்கு வாசிப்பவர் குரல் எட்டாவிட்டால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். வராமைக்குக் காரணமும் சொல்லமாட்டார்.