கழுத்து நடுவே ஒரு கட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கழுத்து நடுவே நெல்லிக்காய் அளவில் கட்டி. நாக்கை நீட்டினால் மேலே ஏறுகிறது. "இந்தச் சின்னக் கட்டிக்கு எலும்பை ஏன் எடுக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

தைராய்டு கருவில் முதலில் தோன்றுவது நாக்கின் அடியில். அங்கிருந்து இறங்கி, ஏழாவது வார வாக்கில் கழுத்தில் தன் இடத்துக்கு வந்துவிடும். வந்த பாதை தூர்ந்துபோக வேண்டும். தூராமல் மிஞ்சிய இடத்தில் நீர் சேர்ந்து கட்டியாகிறது. அந்தப் பாதை தாடைக்குக் கீழேயுள்ள ஹையாய்டு எலும்பை ஒட்டியே செல்வதால், கட்டியை மட்டும் எடுத்தால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மறுபடியும் வருகிறது. எலும்பின் நடுத்துண்டையும் நாக்கின் அடிவரை உள்ள பாதையையும் சேர்த்து எடுக்கும் முறையை 1920இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வால்டர் சிஸ்ட்ரங்க் விவரித்தார். இன்றும் அதுதான் சரியான அறுவை. அந்தத் துண்டு இல்லாமலே பிள்ளை நன்றாகப் பேசுவான், சாப்பிடுவான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில குழந்தைகளுக்குத் தைராய்டு முழுதாக இறங்குவதில்லை. நாக்கின் அடியிலோ பாதி வழியிலோ தங்கி, கட்டி போலவே தெரியும். பெரும்பாலும் அவர்களுக்கு இருக்கும் ஒரே தைராய்டு அதுதான். தெரியாமல் எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரை. கவனிக்காமல் விட்டால் வளர்ச்சியே தடைப்படும். இறங்காத தைராய்டு என்று தெரிந்தால், பல குழந்தைகளுக்குக் கத்தியே வேண்டாம், தைராக்சின் மாத்திரையிலேயே அது சுருங்கும். ஆகவே, அறுவைக்கு முன் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து, தைராய்டு தன் இடத்தில் இருப்பதாக அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடலாம்.

கட்டி சிவந்து வலித்தால் முதலில் ஆன்டிபயாடிக். சீழ் அடங்கிச் சில வாரம் கழித்துத்தான் அறுவை. பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன பற்று வேண்டாம். பாட்டி பார்த்திருப்பது நெறி கட்டுவதை. அது பெரும்பாலும் கழுத்தின் பக்கவாட்டில் வரும். அதுவும் வாரக்கணக்கில் கரையாவிட்டால் காசநோயா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது கடைசி வரி. தங்கையின் கைக்குழந்தை மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது, பால் குடிக்கத் திணறுகிறது, எடை ஏறவில்லை என்கிறீர்கள். குரல்வளை இன்னும் உறுதிப்படாததால் வரும், தானாகச் சரியாகும் சத்தமாக இருக்கலாம். நாக்கின் அடியில் நீர்க்கட்டி இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். அது திடீரென மூச்சை அடைக்கக்கூடியது. மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மகனின் கட்டி சில வாரம் பொறுக்கும். தங்கையை நாளைக் காலையே குழந்தைகளுக்கான காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ உதடு நீலம் பூத்தாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்