அல்டாப்ராவுக்குப் போகும் கப்பல்

கேள்வி: மார்ச்சில் செஷல்ஸிலிருந்து சிறு கப்பலில் அல்டாப்ரா போகிறோம். ஆசையில் இப்போதே தூக்கம் வரவில்லை. அங்கே எதைத் தவறவிடக் கூடாது? – வாசகி, கோவை

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள்! செஷல்ஸின் மாஹே தீவிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் பவளத்தீவு அது, விமானத்தளமே கிடையாது. 1982-இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ராட்சத ஆமைகள் ஏறக்குறைய ஒரு லட்சம். மனிதர்கள் என்றால் ஆய்வு நிலையத்தில் இருக்கும் சிலர்தான். இந்தியப் பெருங்கடல் தீவுகளில் மிஞ்சியிருக்கும் கடைசிப் பறக்காத பறவையும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் நான் பெரிதாகச் சொல்வது ஓதத்தை. தீவின் நடுவே பரந்து கிடக்கும் காயலில் தினமும் இருமுறை கடல் ஏறி வடிகிறது. வடியும்போது குறுகிய வாய்கள் வழியே தண்ணீர் காட்டாறாகப் பாயும். சுறா, திருக்கை, கடலாமை எல்லாம் அந்த ஓட்டத்தில் போகும். ரப்பர் படகில் இருந்தபடியே பார்க்கலாம். அந்த நேரத்தில் கேமராவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

அலை மிகுந்தால் கரையிறங்க முடியாமலும் போகலாம், மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். இறங்கும் முன் காலணி, பை எல்லாவற்றையும் சோதிப்பார்கள். ஒரு வெளி விதை உள்ளே போனாலும் ஆபத்து. 2019-இல் அங்கே ஒதுங்கிய குப்பையில் 25 டன்னை அள்ளி அகற்றினார்கள். தயவுசெய்து ஒரு நெகிழித் துண்டைக்கூட அங்கே விட்டு வராதீர்கள்.